கார் ரீகால் ஆச்சு, பார்ட்ஸ் வரலை, இ.எம்.ஐ மட்டும் கரெக்டா போகுது: காத்திருக்கிற காலத்துக்கு யார் கணக்கு பார்க்கிறது?



கார் கம்பெனியிலிருந்து உங்களுக்கு ஒரு மெசேஜ் வருதுன்னு வச்சுக்கோங்க. உங்க மாடல்ல ஒரு பாதுகாப்புக் குறை இருக்கு, இலவசமா சரிசெஞ்சு தர்றோம்னு சொல்றாங்க. சர்வீஸ் சென்டருக்கு போன் பண்ணா, "சார், பார்ட்ஸ் இன்னும் வரலை, வந்ததும் கூப்பிடுறோம்"னு பதில் வருது. ஒரு வாரம் ஒரு மாசமாகுது, ஒரு மாசம் மூணு மாசமாகுது. இதுக்கு நடுவுல 5-ம் தேதி ஆனா பேங்க் அக்கவுண்ட்ல இருந்து இ.எம்.ஐ மட்டும் ஒரு நாள் கூட லேட் ஆகாம போயிடுது.

ரீகால்ல ரிப்பேர் இலவசம். ஆனா காத்திருக்கிறது இலவசம் இல்லை. அதுக்கான செலவு மொத்தமும் கார் ஓனர் தலையிலதான் விழுது. இந்தச் செலவு எவ்வளவு, ஏன் இவ்வளவு லேட் ஆகுது, அதுவரைக்கும் நம்ம உயிரையும் பணத்தையும் எப்படிப் பாதுகாக்கிறதுன்னு இந்தக் கட்டுரையில பார்க்கலாம்.

முதல்ல, ரீகால்னா என்ன?

சாதாரண ரிப்பேர் ஒரு காரோட பிரச்சினை. ரீகால்ங்கிறது ஒரு பேட்ச் மொத்தத்துக்கும் உள்ள பிரச்சினை. குறிப்பிட்ட காலத்துல தயாரான கார்கள்ல ஒரு பாகம் குறையோட போயிருக்குன்னு தெரிஞ்சா, கம்பெனி அந்த கார்களைத் திரும்பக் கூப்பிட்டு இலவசமா சரிசெஞ்சு தரணும்.

எல்லா ரீகாலும் ஒரே அளவு ஆபத்து கிடையாது. சிலது சாஃப்ட்வேர் அப்டேட்டோட முடிஞ்சிடும். சிலதுல "சரிசெய்யற வரைக்கும் ஓட்டவே ஓட்டாதீங்க"ன்னு கம்பெனியே சொல்லிடும். 2023 ஜனவரியில மாருதி சுஸுகி 17,362 கார்களை ஏர்பேக் கன்ட்ரோலர்ல சந்தேகம்னு ரீகால் பண்ணாங்க. ஆல்ட்டோ கே10, எஸ்-பிரெஸ்ஸோ, ஈக்கோ, பிரெஸ்ஸா, பலேனோ, கிராண்ட் விட்டாரான்னு ஆறு மாடல். பாகத்தை மாத்தற வரைக்கும் அந்த காரை ஓட்ட வேண்டாம்னு அப்போ கம்பெனி சொன்னது. புது கார் எடுத்து ரெண்டு மாசம் கூட ஆகாதவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

டகாட்டா: வருஷக்கணக்குல நீண்ட காத்திருப்பு

ரீகால் தாமதம்னா உலகம் முழுக்க முதல்ல சொல்ற உதாரணம் டகாட்டா ஏர்பேக்தான். டகாட்டா ஜப்பான் கம்பெனி. ஹோண்டா, டொயோட்டா, நிசான், பி.எம்.டபிள்யூ, ஃபோர்டுன்னு பல பிராண்டுகளுக்கு ஏர்பேக் சப்ளை பண்ணிட்டு இருந்தது.

ஏர்பேக்குக்குள்ள இன்ஃப்ளேட்டர்னு ஒரு சின்ன உலோக டப்பா இருக்கும். வண்டி மோதின அடுத்த நொடியில அதுக்குள்ள இருக்கிற ரசாயனம் எரிஞ்சு, வாயு வந்து, பை உப்பும். டகாட்டா இதுக்கு அமோனியம் நைட்ரேட் பயன்படுத்தியது. வருஷக்கணக்கா வெயிலும் ஈரப்பதமும் பட்டா அது கெட்டுப் போகும். கெட்டுப் போனது ரொம்ப வேகமா எரியும். அப்போ டப்பாவே வெடிச்சு, உலோகத் துண்டுகள் ஓட்டுறவங்க முகத்துலயும் கழுத்துலயும் பாயும். உயிரைக் காப்பாத்த வச்ச பொருளே உயிரை எடுக்குது.

அமெரிக்காவுல மட்டும் 28 பேர் இதனால இறந்ததா அங்க இருக்கிற சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.ஹெச்.டி.எஸ்.ஏ உறுதிப்படுத்தியிருக்கு. குறைந்தது 400 பேருக்குக் காயம். அந்த நாட்டுல மட்டும் 19 கார் கம்பெனிகளோட சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்களை மாத்த வேண்டி வந்தது.

ஹோண்டா இதுக்காக முதல் ரீகால் அறிவிச்சது 2008-ல, சில ஆயிரம் கார்களுக்கு. அப்புறம் எண்ணிக்கை கூடிக்கிட்டே போச்சு. 2015-ல கோடிக்கணக்கான கார்னு ஆனதும், ஒரே நேரத்துல எல்லாருக்கும் பார்ட்ஸ் கொடுக்க முடியாத நிலை. அதனால என்.ஹெச்.டி.எஸ்.ஏ ஒரு வரிசை போட்டது. ஃபுளோரிடா, டெக்சாஸ் மாதிரி வெயிலும் ஈரப்பதமும் அதிகமான மாநிலங்களுக்கும் பழைய கார்களுக்கும் முதல்ல, குளிர் மாநிலங்களுக்குக் கடைசியில. கடைசி வரிசையில இருந்தவங்களுக்கு வருஷக்கணக்குல காத்திருப்பு.

அந்த இடைவெளியில என்னென்ன நடந்தது தெரியுமா? பார்ட்ஸ் இல்லாத இடத்துல, டொயோட்டா முன் சீட் ஏர்பேக்கை செயலிழக்க வச்சு, "இந்த சீட்ல உட்காராதீங்க"ன்னு எச்சரிக்கை ஒட்டிக் கொடுத்தது. சில கார்களுக்கு அதே வகையில புது இன்ஃப்ளேட்டரைத் தற்காலிகமா மாட்டினாங்க. அந்த ஓனர்கள் பிற்பாடு இன்னொரு தடவை வந்து மாத்த வேண்டியிருந்தது.

2016-ல என்.ஹெச்.டி.எஸ்.ஏ ஒரு அவசர எச்சரிக்கை விட்டது. 2001 முதல் 2003 வரைக்கும் தயாரான சில ஹோண்டா, அக்யூரா கார்கள்ல, விபத்துல ஏர்பேக் விரிஞ்சா இன்ஃப்ளேட்டர் வெடிக்கிற வாய்ப்பு 50 சதவீதம் வரைக்கும் போகலாம்னு சோதனையில தெரிஞ்சது. அந்த நேரத்துல மாத்தாம ஓடிட்டு இருந்த அப்படிப்பட்ட கார்கள் சுமார் 3,13,000. 2017-ல டகாட்டா திவாலாகிடுச்சு. ஆனா 2024 மே மாசத்துல கூட, நிசான் சுமார் 84,000 பழைய கார் ஓனர்கள் கிட்ட "ஓட்டாதீங்க"ன்னு சொல்ல வேண்டி வந்தது. முதல் ரீகால் வந்து 16 வருஷத்துக்கு அப்புறம்!

இது நம்ம ஊருக்கு சம்பந்தம் இல்லாத கதை கிடையாது. 2016 ஜூலையில ஹோண்டா இந்தியாவுல 1,90,578 கார்களை இதே டகாட்டா இன்ஃப்ளேட்டருக்காக ரீகால் பண்ணாங்க. 2017-லயும் 2018-லயும் மறுபடி ரீகால் வந்தது. வெயிலும் ஈரப்பதமும்தான் இந்தக் குறையை மோசமாக்குதுன்னா, சென்னை, கடலூர், தூத்துக்குடின்னு கடலோரத்துல வெயில்ல நிக்கிற கார்களுக்கு இது இன்னும் முக்கியம்.

ஏன் இவ்வளவு லேட் ஆகுது?

மூணு காரணம்.

ஒண்ணு, குறை தெரிஞ்ச உடனே அறிவிச்சாகணும். அமெரிக்காவுல பாதுகாப்புக் குறைன்னு கம்பெனி முடிவு பண்ணா, 5 வேலை நாளுக்குள்ள அரசுக்குச் சொல்லணும். தீர்வு ரெடியா இல்லாட்டியும் ஓனர்களுக்கு முதல் கடிதம் போயிடும். பார்ட்ஸ் வந்ததும் ரெண்டாவது கடிதம். நம்ம காத்திருப்பு முழுக்க இந்த ரெண்டு கடிதத்துக்கும் நடுவுலதான். அறிவிப்பு சீக்கிரம் வர்றது நல்லதுதான், ஆபத்தை மறைக்கிறதை விட ஆயிரம் மடங்கு மேல்.

ரெண்டு, ஃபேக்டரியோட அளவு. பார்ட்ஸ் தயாரிக்கிற கம்பெனி, தினமும் உருவாகிற புது கார்களுக்குத் தேவையான அளவுக்குத்தான் மெஷின் போட்டிருக்கும். பத்து வருஷமா வித்த கார்களுக்கு ஒரே நேரத்துல பார்ட்ஸ் கேட்டா எங்க போறது? டகாட்டா விஷயத்துல ஆட்டோலிவ், டைசெல் மாதிரி போட்டிக் கம்பெனிகள் கிட்டயும் வாங்க வேண்டியதாச்சு. புது டிசைன்னா டெஸ்ட்டும் பண்ணணும். அவசரப்பட்டு போட்டா அதுக்கு ஒரு ரீகால் வரும்.

மூணு, சர்வீஸ் சென்டர்ல ஆள், நேரம், இடம். அதே மெக்கானிக்தான் தினசரி சர்வீஸும் பார்க்கணும், ரீகால் வேலையும் பார்க்கணும்.

அதனால தாமதம் எல்லாமே ஏமாத்து வேலைன்னு சொல்லிட முடியாது. ஆனா காரணம் நியாயமா இருக்குங்கிறதுக்காக, அதோட செலவை முழுசா ஓனர் ஏத்துக்கணும்னு இல்லை. அதுக்கு இன்னொரு கதை பார்ப்போம்.

செவ்ரோலே போல்ட்: காத்திருந்தவங்களுக்குக் காசு கிடைச்ச கதை

ஜெனரல் மோட்டார்ஸோட போல்ட் எலெக்ட்ரிக் கார்ல பேட்டரி தீப்பிடிக்குதுன்னு 2020 நவம்பர்ல ரீகால் வந்தது. 2021 ஆகஸ்ட்ல அதுவரைக்கும் தயாரான எல்லா போல்ட்டுக்கும் அதை விரிவாக்கினாங்க. மொத்தம் சுமார் 1,42,000 கார். எல்.ஜி தயாரிச்ச பேட்டரி செல்கள்ல குறை.

மாத்து பேட்டரி வர்ற வரைக்கும் ஓனர்களுக்குச் சொன்ன நிபந்தனைகளைப் பாருங்க. 90 சதவீதத்துக்கு மேல சார்ஜ் பண்ணாதீங்க. ரேஞ்ச் சுமார் 113 கிலோமீட்டருக்குக் கீழ போக விடாதீங்க. ராத்திரி வீட்டுக்குள்ள சார்ஜ் போட்டு விடாதீங்க. சார்ஜ் ஆனதும் வெளியில நிறுத்துங்க. அதாவது முழு ரேஞ்சுக்குக் காசு கொடுத்து வாங்கின காரை, மேலயும் கீழயும் வெட்டி, நடுவுல இருக்கிறதை மட்டும் பயன்படுத்தணும். கடன் தவணை மட்டும் முழுசு!

இந்த ரீகாலுக்கு ஜி.எம்முக்கு ஆன செலவு சுமார் 200 கோடி டாலர். அதுல 190 கோடி டாலர் வரைக்கும் எல்.ஜி கிட்ட இருந்து வாங்க ஒப்பந்தம் போட்டாங்க. கம்பெனி தன் நஷ்டத்தைக் கணக்குப் போட்டு, சப்ளையர் கிட்ட வசூல் பண்ணிடுச்சு. ஓனர்களும் சேர்ந்து வழக்குப் போட்டாங்க. 2024-ல 15 கோடி டாலருக்கு செட்டில்மென்ட் அறிவிக்கப்பட்டது.

இதுல நமக்கு என்ன பாடம்? நஷ்டத்தை எழுத்துல கணக்கு வச்சவங்களுக்குத்தான் அதைக் கேட்க வழி இருக்கு.

சரி, நம்ம கணக்கு என்ன?

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். 10 லட்ச ரூபாய் கார். 7 லட்சம் லோன், 9 சதவீத வட்டி, 5 வருஷம். இ.எம்.ஐ சுமார் 14,530 ரூபாய். "ஓட்டாதீங்க"ன்னு சொல்லி கார் நிக்குது. ஒரு மாசத்துக்கு என்ன ஆகும்?

• லோன் வட்டி (முதல் வருஷத்துல): சுமார் 5,000 ரூபாய்
• இன்ஷூரன்ஸ் (வருஷத்துக்கு 24,000-ன்னு வச்சா): 2,000 ரூபாய்
• மதிப்புக் குறைவு (வருஷத்துக்கு 10 சதவீதம்னு வச்சா): சுமார் 8,300 ரூபாய்
• ஆபீஸ் போய்வர கேப் (நாளைக்கு 500, 22 நாள்): 11,000 ரூபாய்
• மிச்சமாகிற பெட்ரோல்: 4,500 ரூபாய் கழிச்சுக்கோங்க

முதல் மூணும் கார் ஓடினாலும் ஆகிற செலவுதான். ஆனா ஓடும்போது அதுக்குப் பலன் கிடைக்குது, நிக்கும்போது கிடைக்கலை. அப்போ பலன் இல்லாம போற பணம் மாசம் சுமார் 15,300. கைக்காசுல இருந்து கூடுதலா போறது 6,500. மொத்தம் ஏறக்குறைய 21,800. மூணு மாசம் நின்னா 65,000-க்கு மேல. இலவச ரிப்பேருக்கு நாம கொடுக்கிற விலை இது!

உங்க கார், உங்க லோன் வச்சு இதே கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க. கம்பெனிக்கு மெயில் அனுப்பும்போது இந்த நம்பர் தேவைப்படும்.

கோபத்துல இந்த ரெண்டையும் செஞ்சிடாதீங்க

முதலாவது, இ.எம்.ஐயை நிறுத்தாதீங்க. "கார் ஓடலை, நான் ஏன் கட்டணும்?"னு தோணும். ஆனா லோன் ஒப்பந்தம் உங்களுக்கும் பேங்க்குக்கும் நடுவுல. கார் ஓடுதா நிக்குதாங்கிறது அதுல வராது. ஒரு தவணை தவறினாலும் சிபில் ஸ்கோர் அடிவாங்கும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது, ரீகால் கதையை யாரும் கேட்க மாட்டாங்க.

ரெண்டாவது, கார் சும்மாதானே நிக்குதுன்னு இன்ஷூரன்ஸை லேப்ஸ் ஆக விடாதீங்க. முடிஞ்ச தேதியிலிருந்து 90 நாளுக்குள்ள ரின்யூ பண்ணலைன்னா, சேர்த்து வச்ச நோ கிளைம் போனஸ் போயிடும்.

இன்ஷூரன்ஸ் பத்தி இன்னொண்ணு. மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் பழுதுகளை நம்ம ஊர் மோட்டார் பாலிசி பொதுவா கவர் பண்ணாது. வண்டியை நல்ல நிலையில வச்சிருக்கணும்ங்கிறது பாலிசியிலேயே ஒரு நிபந்தனை. "ஓட்டாதீங்க"ன்னு கம்பெனி சொன்ன பிறகும் ஓட்டி விபத்து நடந்தா, கிளைம்ல கேள்வி வர வாய்ப்பு இருக்கு. உயிர் ஆபத்து அதுக்கும் மேல. "பத்து கிலோமீட்டர்தானே"ன்னு எடுக்காதீங்க.

சட்டம் நமக்கு என்ன கொடுக்குது?

இந்தியாவுல 2012-ல இருந்து சியாம் அமைப்போட தன்னார்வ ரீகால் நடைமுறை இருந்தது. கம்பெனிகளே விரும்பிச் செய்யறது. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துல 110ஏ பிரிவு வந்தது. பாதுகாப்புக்கு ஆபத்தான குறைன்னா, ரீகால் பண்ணச் சொல்லி மத்திய அரசே உத்தரவு போடலாம். அப்படி உத்தரவு வந்தா, கம்பெனி ரிப்பேர் பண்ணித் தரணும், இல்ல வேற வண்டி தரணும், இல்ல பணத்தைத் திருப்பித் தரணும். இதுக்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமல்ல இருக்கு. 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். அபராதம் 10 லட்சத்திலிருந்து 1 கோடி ரூபாய் வரைக்கும். ஆனா கம்பெனி தானா முன்வந்து குறையை அறிவிச்சா அபராதம் இல்லை.

கவனிங்க, அபராதம் அரசுக்குப் போகும். நம்ம கேப் செலவுக்கு வராது. அதுக்கு நாம தனியா கேட்கணும்.

அமெரிக்கச் சட்டத்துல ஒரு விஷயம் எனக்குப் பிடிச்சது. ரீகால் ரிப்பேருக்காகக் காரைக் கொண்டுபோய்க் கொடுத்த 60 நாளுக்குள்ள சரியா முடிக்கலைன்னா, "நியாயமான காலத்துக்குள்ள முடிக்கலை"ங்கிறதுக்கு அதுவே முதல்நிலை ஆதாரம். கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது, கார் சர்வீஸ் சென்டருக்குப் போன நாள்ல இருந்து. எந்த நாட்டுலயும் இதை மனசுல வச்சுக்கலாம்: போன்ல கேட்டது கணக்குல வராது, கொண்டுபோய்க் காட்டினதுக்குப் பேப்பர் இருந்தா கணக்குல வரும்.

நீங்க செய்ய வேண்டியது: ஆறு ஸ்டெப்

1. ஆர்.சி புக்ல இருக்கிற 17 இலக்க சேசிஸ் நம்பரை எடுங்க. கம்பெனி வெப்சைட்ல ரீகால் பகுதியில போட்டுப் பாருங்க, இல்ல சர்வீஸ் சென்டர்ல கேளுங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போதும். வீடு, போன் நம்பர் மாறியிருந்தா கம்பெனி ரெக்கார்டுல அப்டேட் பண்ணுங்க.

2. ரீகால் இருந்தா மூணு கேள்வி கேளுங்க. ஓட்டலாமா, கூடாதா? பார்ட்ஸ் வர்ற வரைக்கும் தற்காலிக ஏற்பாடு என்ன? எப்போ வரும்? மூணுக்கும் பதில் மெயில்ல வாங்குங்க.

3. காரை ஓட்டலாம்னு சொன்னா, ஒரு தடவை நேர்ல கொண்டுபோங்க. "ரீகால் வேலை, பார்ட்ஸ் இருப்பு இல்லை"ன்னு எழுதி, தேதியோட ஜாப் கார்டு காப்பி வாங்கிக்கோங்க. ஓட்டக்கூடாதுன்னா, அவங்களையே வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லி மெயில் போடுங்க.

4. மாற்று கார் கேளுங்க, இல்லாட்டி கேப் செலவு கேளுங்க. அமெரிக்காவுல டகாட்டா சமயத்துல ஹோண்டா மாற்று கார் கொடுத்தது. இங்க கட்டாயம் கிடைக்கும்னு சொல்ல முடியாது. ஆனா கேட்காதவங்களுக்கு நிச்சயமா கிடைக்காது. கேப் பில்களை ஒரு ஃபோல்டர்ல சேருங்க.

5. பதில் வரலைன்னா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் பண்ணிப் புகார் பதியுங்க. போக்குவரத்து அமைச்சகத்தோட வாகன ரீகால் போர்ட்டல்லயும் புகார் கொடுங்க. அங்க சேர்ற புகார் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் அரசு நடவடிக்கை எடுக்கும். உங்க புகார் அடுத்த ஓனருக்கும் உதவும்.

6. அதுக்கும் நகரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க கொடுத்த விலை 50 லட்சம் வரைக்கும் இருந்தா அங்கேயே போடலாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணமே இல்லை, 10 லட்சம் வரைக்கும் 200 ரூபாய்தான். நீங்க வசிக்கிற, வேலை பார்க்கிற ஊர்லயே போடலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், அது முக்கியம்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போறீங்களா?

அப்போ உங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ரீகால் கடிதம் முதல் ஓனருக்குப் போகும். கார் மூணு கை மாறி உங்க கிட்ட வரும்போது, அந்தத் தகவல் கூடவே வரும்னு நம்ப முடியாது. டகாட்டா கார்கள் இத்தனை வருஷம் மாத்தப்படாம ஓடினதுக்கு இதுவும் ஒரு காரணம். அதனால டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே சேசிஸ் நம்பரைப் போட்டுப் பாருங்க. ரீகால் வேலை பாக்கி இருந்தா, "முடிச்சுக் கொடுங்க, மீதிப் பணம் அப்புறம்"னு சொல்லுங்க. பார்ட்ஸ் வர மாசக்கணக்குல ஆகும்னா, மேல போட்ட கணக்கைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லுங்க. "ஓட்டாதீங்க" வகை ரீகால்னா, எவ்வளவு குறைச்சாலும் வேண்டாம்.

கடைசியா

கார் வாங்கும்போது ஆன் ரோடு விலை, மைலேஜ், இ.எம்.ஐன்னு பார்க்கிறோம். அந்த லிஸ்ட்ல இன்னொண்ணு சேருங்க: கார் ஒரு மூணு மாசம் நின்னா, ஆபீஸ் போய்வர என் கையில பணம் இருக்கா? எமர்ஜென்சி ஃபண்ட்ல இதுக்கும் ஒரு பங்கு இருந்தா, "ஓட்டாதீங்க"ன்னு மெசேஜ் வரும்போது வேற வழியில்லாம அந்த காரையே எடுத்துட்டுப் போக வேண்டிய நிலை வராது. டகாட்டா மாதிரி ரீகால்ல அந்தப் பணம் உயிரையே காப்பாத்தலாம்.

இப்பவே ஆர்.சியை எடுத்து அந்த 17 இலக்கத்தை ஒரு தடவை செக் பண்ணிடுங்க. அப்படியே அப்பாவோட காருக்கும், ஃபிரெண்டு போன மாசம் வாங்கின செகண்ட் ஹேண்ட் காருக்கும் சேர்த்துப் பாருங்க. உங்க கார் ரீகால்ல மாட்டியிருந்தா, எத்தனை நாளா காத்திருக்கீங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க. நுகர்வோர் ஆணையத்துல ஆன்லைன்ல புகார் போடறது எப்படின்னு அடுத்த வீடியோவுல ஸ்டெப் பை ஸ்டெப்பா பார்க்கலாம்.